மூன்று விரல் இடைவெளி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கிழமையில் வார விடுமுறை. அன்புராஜின் கம்பெனிக்குப் புதன்கிழமை. தெருவில் மற்றவர்கள் வேலைக்குப் போய், மகள் ஸஹானாவையும் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகு, அந்த வீட்டில் புருஷன், பெண்டாட்டி, ஒரு கார் என்று மூன்று பேர்தான் மிச்சம்.

"எங்க ரெண்டு பேர்ல யார நீ அதிகம் தொட்டுக்கினு இருக்கற? யோசிச்சுச் சொல்லு மாமா" என்று ஈஸ்வரி ஒருமுறை கேட்டாள்.

"உனக்கு ஆயில் மாத்த வேணாமே" என்றான் அவன்.

கார் எண்பத்தேழாம் வருஷத்துப் பத்மினி. பொன்னேரியில் ஒரு வாத்தியார் வீட்டு மாமரத்தடியில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தது. இரண்டு வருஷமாக அதற்கு வைத்தியம் நடக்கிறது. துருப்பிடித்து ஓட்டையான தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தான். சீட்டுக்கு மெரூன் நிறத்தில் உறை போட்டான். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றினான். இப்போது நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் அஞ்சு கியர் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு இதே காரில் மாமியார் வீட்டுக்குக் கடம்பத்தூர் போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தான். போன தீபாவளிக்கும் அப்படித்தான் சொன்னான்.

ஈஸ்வரிக்கு அந்தக் கார் மேல் கோபம் இருந்தது. ஆனால் புதன்கிழமைகளின் மேல் இல்லை. ஷெட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அவன் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்தபடி பேசுவான். முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேசாத விஷயங்களையெல்லாம் அவன் அப்படிப் படுத்துக்கொண்டு பேசினான்.

அன்றைக்கும் மதியம் ஒரு மணிக்கு அப்படித்தான் இருந்தார்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான். வண்டியின் மூக்கு, நடுவில் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியின் மேலும், இரண்டு பக்கமும் அடுக்கிய ஹாலோ பிளாக் கற்களின் மேலும் நின்றது. மதில் கட்டியபோது மிஞ்சிய கற்கள்.

"கம்பெனில காலைல இன்னா சொல்லுவ நீ? எனக்கும் சொல்லு, கேக்கறேன்" என்றாள் ஈஸ்வரி.

அன்புராஜ் தன் ஷிப்டுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளன். தினமும் வேலை தொடங்குமுன் எண்பது பேர் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசுவான்.

"தூக்கி வச்ச பொருளுக்குக் கீழ போகாத. அதான் மொத ரூலு" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

"இப்ப நீ எங்க இருக்கற?"

"ஊட்ல இருக்கேன். லீவுல இருக்கேன். பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரு குடு."

கொடுத்தாள். "வண்டியத் தாங்கறதுக்கு நாலு கால் ஸ்டாண்டு ஒண்ணு இருக்குதாமே, அத வாங்கித் தொலையேன் மாமா."

"போன வாரமே ஆர்டர் போட்டுட்டேன். ஒரு செட்டு. இன்னும் வரல."

ஈஸ்வரியின் கை அப்படியே நின்றது. திங்கட்கிழமை கொரியர்காரப் பையன் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். காருக்கு இன்னொரு சாமான் என்று நினைத்து, "வாணாம், எடுத்துனு போ" என்று அவள்தான் திருப்பி அனுப்பினாள். அந்த நேரத்தில் அது ஒரு சின்ன வெற்றி மாதிரி இருந்தது. இப்போது சொன்னால் கத்துவான். சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கையில் அப்பளத்தை நொறுக்கினால் வருமே, அவ்வளவுதான்.

இடது பக்கத்துக் கல் அடுக்கு பொடியாகி உட்கார்ந்தது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. ஸ்பேனர் ஒன்று தரையில் உருண்டது. அன்புராஜிடமிருந்து ஊதுகுழலில் காற்று போவது போல் ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

"மாமா?"

தூசி அடங்கவில்லை. ஈஸ்வரி தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். முன் சக்கரங்களுக்கு நடுவே ஓடும் குறுக்குச் சட்டம் அவன் மார்பின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன.

"ஈஸு" என்றான். உதடு மட்டும் அசைந்தது. "ஜாக்கியத் தொடாத."

அவள் கை ஜாக்கியின் பிடிக்குப் போயிருந்தது. இழுத்துக்கொண்டாள்.

"சாஞ்சு நிக்குது. பம்ப் பண்ணா வழுக்கிடும்." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தான். "அதோட தண்டப் பாரு. கீழ வருதா?"

ஜாக்கியின் பளபளப்பான தண்டில் எண்ணெய் மினுங்கியது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் போன மாதம் அவனே மாற்றினான், அவனே பாராட்டிக்கொண்டான். ஈஸ்வரி அந்த மினுமினுப்பையே பார்த்தாள். நிற்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தண்டின் மேலிருந்த ஒரு கீறல், கண்ணெதிரே, மெதுவாக உள்ளே போய் மறைந்தது.

"வருது" என்றாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வேகமாவா?"

"இல்ல. மெதுவா."

"சரி" என்றான், கரண்ட் வர ஒரு மணி நேரமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டது போல. "கழட்டுன வீல எடுத்து, கதவுக்குக் கீழ இருக்கற பட்டைக்கு அடியில தள்ளு. எம்பக்கத்துலயே. படுக்கப் போட்டுத் தள்ளு."

சக்கரத்தை அவள் அதுவரை தொட்டதுகூட இல்லை. உருட்டினாள். கவிழ்ந்தது, தூக்கினாள், மறுபடி கவிழ்ந்தது. கடைசியில் தரையில் போட்டுக் காலால் உதைத்து உதைத்து உள்ளே தள்ளினாள். கால் சுண்டுவிரல் நகம் பெயர்ந்தது அப்போதுதான். அது தெரிந்தது மறுநாள்.

சக்கரத்துக்கும் மேலே இருந்த இரும்புப் பட்டைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று விரல் போனது.

"மூணு விரல் இடைவெளி இருக்குது மாமா."

"அவ்ளோ எறங்குனா எனக்குத் தாங்காது" என்றான் அன்புராஜ்.

வெந்நீர் அடுப்புக்கு அவர்கள் எரிப்பது சரக்கு அடுக்கிய பின் கம்பெனிகள் தூக்கியெறியும் பேலட் பலகைகளைத்தான். கும்மிடிப்பூண்டியில் பாதி வீட்டு அடுப்பு எரிவதும், கோழிக் கூண்டும் சந்துக் கதவும் ஆவதும் அதிலேதான். ஈஸ்வரி பின்கட்டுக்கு ஓடி, கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். ஆணி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பலகையைத் திருப்பி வைத்துச் செருகினாள். ஒன்று போனது. இரண்டாவது பலகையைச் சுத்தியலால் தட்டினாள்.

"மெதுவா. மேல இடிக்காம தட்டு. டயரு அமுங்கும். இன்னொண்ணு வை."

மூன்றாவது பலகை போகவில்லை. மெலிதான ஒன்றைத் தேடினாள். தட்டும்போது ஒவ்வொரு அடிக்கும் அவன் முகம் சுருங்கியது. அவள் தட்டுவதை நிறுத்தினாள். அவன் "தட்டு" என்றான். தட்டினாள்.

அரை விரல் மிச்சமிருந்தபோது ஜாக்கியின் தண்டு மெல்லச் சறுக்கி இறங்கியது. வண்டியின் எடை அந்த அரை விரலைத் தின்று பலகையின் மேல் உட்கார்ந்தது. பலகை முனகியது. டயர் உப்பியது. அன்புராஜ் ஒரு முறை கத்தினான், ஆடு கத்துவது போல. பிறகு வண்டி நின்றுவிட்டது.

ஈஸ்வரி அசையாமல் பார்த்தாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். வண்டி இறங்கவில்லை.

"நின்னுடுச்சு. மாமா, நின்னுடுச்சு."

அவன் மூச்சு எடுத்தான். சிறிய மூச்சு. இன்னொன்று. எடுக்கிற ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கிறதோ என்று ஈஸ்வரிக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அந்த எண்ணத்தைத் துரத்த முடியவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "மகாலட்சுமி நகர்" என்றாள்.

"எந்த மகாலட்சுமி நகர்மா? ரெண்டு இருக்குதே" என்றது எதிர்முனை.

"மில்லு மதிலுக்குப் பின்னாடி. டேங்குக்குப் பக்கத்துல."

இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். எதிர்வீட்டு ஞானம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பூட்டு தொங்கியது. நாலு மனை தள்ளி இருக்கும் மணவாளன் நைட் ஷிப்டு முடித்துத் தூங்குகிறவன், போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பான். ஷெட்டு வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பகல் நிற்காத அந்த இரைச்சலுக்கு அவர்கள் பழகி ஐந்து வருஷமாகிறது. அது எவ்வளவு பெரிய சத்தம் என்பது அவள் குரல் அதற்குள் காணாமல் போனபோதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து அவன் தலைமாட்டில் படுத்தாள். கையை உள்ளே நீட்டினால் அவன் வலது தோளைத் தொட முடிந்தது.

"பேசு" என்றான் அவன்.

"இன்னா பேசறது?"

"எதுனா. கண்ணு சொருவுது."

வாய்க்கு வந்தது அதுதான். "திங்கக்கெழம உன் ஸ்டாண்டு வந்துச்சு மாமா. நான்தான் வாணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். இன்னொரு சாமான்னு நெனச்சுட்டேன். நான்தான் உன்ன..."

அடியிலிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. வலிக்கிறது போலும் என்று பதறினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்க வெக்காதடி. வலிக்குது."

"திட்டு. நல்லாத் திட்டு."

"எண்பது பேருக்கு... சொல்றவன் நானு. ஹாலோ பிளாக்கு தாங்காதுன்னு... எனக்குத் தெரியும் ஈஸு. தெரிஞ்சுதான் வச்சேன்." இரண்டு மூச்சு எடுத்தான். "ஒரு தபா தானேன்னு."

வீட்டுக்குள்ளிருந்து குழம்பு தீயும் வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் உதடு நிறம் மாறியிருந்தது. கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தது. ஷெட்டின் நிழலால் அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எத்தினி நிமிஷம் ஆச்சு?"

"ஆறு." ஆம்புலன்ஸ் வர இன்னும் பத்தொன்பது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கைப்பேசியில் மணி ஒன்று இருபத்தெட்டு. ஒன்றரைக்கு மெயின் ரோட்டு முனையில் இரண்டாம் ஷிப்டு பஸ் ஒன்று திரும்பும். வெள்ளை பஸ், முன்பக்கம் நீலக் கோடு. எந்தக் கம்பெனியுடையது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தினமும் துணி உலர்த்தும்போது அதன் ஹாரன் கேட்கும், அவ்வளவுதான். உள்ளே ஐம்பது ஆம்பளைகள் இருப்பார்கள்.

முனை வரைக்கும் ஓட மூன்று நிமிஷமாவது ஆகும்.

"மாமா, நான் போய் ஆளக் கூட்டினு வரேன்."

"வாணாம்." அவன் வலது கை அவள் விரல்களைப் பிடித்தது. அதில் இன்னும் பலம் இருந்தது. "போவாத ஈஸு. இங்கியே இரு."

"பஸ்ஸு வரும். இப்ப போனாத்தான்."

"நீ போயி... நான் போயிட்டேன்னா?"

அவன் எதற்கும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. ஸஹானா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கலங்காமல் நின்றவன், சம்பளம் நின்ற நாலு மாதத்திலும் ஒரு வார்த்தை சொல்லாதவன். இப்போது அவன் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூட இருந்தால் அவன் பயம் குறையும். மூச்சு குறைவது நிற்காது. போனால், திரும்பி வரும்போது என்ன பார்ப்பாளோ. இரண்டையும் ஒரு நொடிக்குள் யோசித்தாள். யோசித்தாள் என்றும் சொல்ல முடியாது. அவள் உடம்புதான் எழுந்தது.

ஒவ்வொரு விரலாகத் தன் கையை உருவிக்கொண்டாள்.

"ஈஸு!"

திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள் என்று தெரிந்தது. பார்க்கவில்லை.

செருப்பு இல்லை. நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலி மனைகளின் நடுவே, கருவேல முள்ளுக்குக் குறுக்கே ஓடினாள். ஓடும்போது எதையும் நினைக்கக்கூடாது என்று நினைத்தாள். நாலு மணிக்கு வேன் வந்து ஸஹானா இறங்கும் காட்சி வந்துவிட்டது. புத்தகப் பையோடு நேராக ஷெட்டுக்குத்தான் வருவாள். அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வருவாள். ஈஸ்வரி இன்னும் வேகமாக ஓடினாள்.

பஸ் திரும்பிவிட்டிருந்தது. அதன் பின்பக்கம் தெரியவில்லை, முன்பக்கம் தெரிந்தது. அவள் பக்கமாகத்தான் வந்தது. தார் ரோட்டின் நடுவே போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவள் நகரவில்லை. பிரேக் கிறீச்சிட்டு, பஸ்ஸின் மூக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, சாவறதுக்கு எம்பஸ்ஸுதான் கெடச்சுதா?"

"எறங்குங்க" என்றாள் ஈஸ்வரி. பஸ்ஸின் மூக்கில் கையால் தட்டினாள். "எல்லாரும் எறங்குங்க. காரு. எங்க ஊட்டுக்காரரு. காருக்கு அடியில."

முன் சீட்டிலிருந்து ஒருவன் குதித்தான். சட்டைப் பையில் ஜெரால்ட், கிரேன் ஆபரேட்டர் என்று எழுதிய அட்டை. "எங்கக்கா?" என்று மட்டும் கேட்டான். பிறகு பஸ்ஸுக்குள் திரும்பி இந்தியில் ஏதோ கத்தினான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் சோற்று டப்பாவை சீட்டில் போட்டுவிட்டு இறங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் அவளை முந்திக்கொண்டு ஓடினார்கள். ஈஸ்வரி கடைசியாகத்தான் ஷெட்டுக்கு வந்தாள். அவ்வளவு பேர் நின்றும் உள்ளே ஒரே அமைதியாக இருந்தது. ஆள்களை விலக்கிக்கொண்டு, மண்டியிட்டுக் குனிந்தாள்.

கண் மூடியிருந்தது.

"மாமா."

இமை அசைந்தது.

"உசிரு இருக்குது. உசிரு இருக்குது. தூக்குங்க" என்று அலறினாள்.

ஒரு பையன் பம்பரை இழுக்கப் போனான். ஜெரால்ட் அவன் கையைத் தட்டிவிட்டான். "எவனும் நான் சொல்லாம கை வெக்காத. ஒரு பக்கமா தூக்குனா அந்தப் பக்கம் உக்காந்துடும்." இடது பக்கம் எட்டுப் பேர், வலது பக்கம் எட்டுப் பேர், முன்னால் நாலு பேர் என்று நிறுத்தினான். இரண்டு பேரைப் பலகையும் சக்கரமுமாகக் காத்திருக்கச் சொன்னான். வண்டி ஏறிய உடனே அடியில் கொடுக்க வேண்டும். அதில் கழுத்தில் தாயத்துக் கட்டிய ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. அவன் பலகையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"அக்கா, நீங்க காலப் புடிங்க. நான் இந்தியில மூணு வரைக்கும் எண்ணுவேன், தீன்னு சொன்னதும் இழுங்க. பாதியில நிறுத்தாதீங்க. அவரு கத்துனாலும் நிறுத்தாதீங்க."

ஈஸ்வரி அன்புராஜின் காலைப் பிடித்தாள். கணுக்கால் சில்லென்று இருந்தது.

"ஏக்" என்றான் ஜெரால்ட். இருபது முதுகுகள் குனிந்தன. "தோ."

இவர்களில் ஒருவனுக்குக் கை வழுக்கினால் போதும். ஒருவனுக்கு இந்தி புரியாவிட்டால் போதும்.

"தீன்!"

பத்மினி முனகிக்கொண்டு எழும்பியது. ஈஸ்வரி இழுத்தாள். லுங்கி மட்டும் கையோடு வந்தது. அதை வீசிவிட்டு மறுபடி கணுக்காலைப் பிடித்து, காலை ஊன்றி, இழுத்தாள். அவன் கத்தினான். அவள் நிறுத்தவில்லை. மேலே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு சாமி பெயரைச் சொன்னார்கள். சிமென்ட் தரையில் அவன் முதுகு உரசும் சத்தம் கேட்டது. இடுப்பு வந்தது. மார்பு வந்தது. பிறகு தோள், முகம். தூசியும் கிரீசுமாக, உயிரோடு, பகல் வெளிச்சத்துக்குள் வந்தது.

அவள் அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டைத் தாண்டி, முற்றத்துக்குப் போயும் இழுத்தாள்.

"போதும்க்கா! விடுங்க! வந்துட்டாரு!"

பின்னால் வண்டியை மெல்ல இறக்கி வைத்தார்கள். பையன்கள் கையை உதறிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். தாயத்துக் கட்டிய பையன் வேறு பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தான். ரோட்டில் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், இரண்டு மணிக்குள் எல்லோரும் கம்பெனி வாசலில் வருகைக் கார்டு தேய்க்க வேண்டும். ஒருவரும் நகரவில்லை.

அன்புராஜ் வாயைத் திறந்து காற்றை இழுத்தான். பாதிதான் போனது. மறுபடி இழுத்தான். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. ஆனால் ஏறியது. உதட்டில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்தக் கத்தரிப்பூ நிறம் நிழலால் வந்ததல்ல என்று அப்போது தெரிந்தது.

"போவாதன்னு சொன்னேன்ல" என்றான்.

"சொன்ன."

"நீ திரும்பியே பாக்கல."

"இல்ல மாமா" என்றாள் ஈஸ்வரி. "பாக்கல."

அவளையே பார்த்தபடி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். விலா எலும்பு இரண்டு மூன்று போயிருக்கும், கழுத்தெலும்பும் போயிருக்கும், உள்ளே எப்படியென்று படம் எடுத்தால்தான் தெரியும் என்றாள் அதில் வந்த பெண். "கால விடுங்கம்மா, ஏத்தணும்."

விடத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. பார்த்தால் தன் கைதான், அவன் கணுக்காலைச் சுற்றி வெளுத்துப்போய் இறுகிக் கிடந்தது. திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, பல் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, அந்த வெயிலில்.

ஜெரால்ட் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். "ஒண்ணும் அவசரமில்லக்கா" என்றான். பிறகு சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக, வலிக்காமல் பிரித்துவிட்டான்.